வளைந்த வெள்ளைப் பட்டிகள்

குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். இலங்கையில் பெல்மதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றேன். ஒரு வாய் தேயிலைச் சாயத்தை உறிஞ்சி, நாக்கில் உருட்டித் துப்பிவிட்டு, கொழுந்து அதிகமாக வாடிவிட்டதா, அடுப்பில் சூடு கூடிவிட்டதா என்று சொல்லிவிடுவேன். கண்ட குறையைச் சொல்லாமல் விழுங்கியது ஒருமுறைதான். அது தேயிலையில் இல்லை, பொம்மைச் சிப்பாய்களில். அதனால் என் நண்பர் பார்வையை இழந்தார்.

தோட்டங்கள் அரசாங்கத்தின் கையிலிருந்து கம்பெனிகளின் கைக்கு மாறிய வருடம், தோட்ட மேனேஜராக இருந்த பெரிய தொரை தன் பங்களாவைக் காலி செய்தபோது, எங்கள் பெரிய கிளாக்கரிடம் ஒரு மரப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே வர்ணம் பூசாத ஈயச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒவ்வொன்றும் சுட்டுவிரலில் இரண்டு கணு உயரம். ஐரோப்பாவின் பழைய யுத்தங்களை மேசையில் நடத்துவதற்கான விளையாட்டு விதிகளும் ஒரு புத்தகமாக இருந்தன. கிளாக்கர் அதை வாசித்துவிட்டு என்னிடம் வந்தார். "டீமேக்கர், ஞாயித்துக்கிழமைல நாம ரெண்டு பேரும் காட்ஸ் வெளையாடிச் செத்தது போதுங்க. இதைப் பாருங்க" என்றார்.

மூன்றாவது ஆள் பெல்மதுளையில் மாணிக்கக் கல் பட்டை தீட்டும் சிங்களவர். கிளாக்கருக்குப் பள்ளிக்காலச் சிநேகிதர். கல் பார்க்கும் லென்ஸ் எப்போதும் அவருடைய சட்டைப்பையில் இருக்கும். ஸ்டாஃப் கிளப்பின் பிங்பொங் மேசை எங்கள் போர்க்களமானது. ஆனால் விளையாடியதைவிட நாங்கள் வர்ணம் பூசியதுதான் அதிகம். கடையில் வாங்கிய எனாமல், தலைமுடி அளவுக்குக் கத்தரித்த தூரிகை. சனிக்கிழமை மாலையில் மட்டும்தான் நான் தூரிகையைத் தொடுவேன். தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். டர்ப்பன்டைன் வாசத்தோடு, நாங்கள் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலை ஆலைக்குள் போனால் அன்றைய தூள் முழுவதும் கெட்டுவிடும். எலுமிச்சங்காயைத் தேய்த்துத் தேய்த்து என் நகக்கண் வெந்து கிடக்கும்.

பூசியதை மதிப்பிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தது நான்தான். தேயிலை ருசி பார்க்கும் வெள்ளைக் கிண்ணங்களை ஸ்டோரிலிருந்து எடுத்துவந்து கவிழ்த்து வைப்போம். ஆளுக்கொரு சிப்பாயை அவற்றின் மேல் நிறுத்துவோம். கிளப்பைக் கூட்டுகிற கிழவர் நாங்கள் பார்க்காதபோது இடம் மாற்றி வைப்பார். பிறகு மூவரும் வரிசையாக நடந்து, ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு குறை சொல்ல வேண்டும். பாராட்டக் கூடாது. என் டேஸ்டிங் மேசையிலும் அப்படித்தான். தேயிலை நன்றாக இருந்தால் வாய் திறக்காமல் அடுத்த கிண்ணத்துக்குப் போய்விடுவேன். ஸ்டோரில் எல்லோருக்கும் அதன் அர்த்தம் தெரியும்.

ஆரம்பத்தில் என் கிண்ணத்தை யாரும் அப்படிக் கடந்து போனதில்லை.

"என்னாங்க இது, சிப்பாயா, திருவிழாவுக்கு வேஷம் கட்டுன ஆளா?" என்பார் கிளாக்கர்.

கல்காரர் லென்ஸைக் கண்ணில் வைத்துக் குனிவார். "ஐயோ மச்சான், இந்த ஆளுக்கு கண்ணு ரெண்டும் முட்டை மாதிரி. பேய் பாத்திச்சா?"

"ஒங்க குதிரை மட்டும் என்னாவாம்? சீக்கு வந்த கழுதை மாதிரி நிக்குது" என்று நானும் விடமாட்டேன்.

சிரிப்போடு சொன்னாலும் சொன்னது உண்மையாக இருக்கும். வர்ணத்தைத் தண்ணீர் போல இளக்கிப் பல தடவை பூச வேண்டும் என்பதை அவர்களுடைய ஏச்சிலிருந்துதான் கற்றேன். மடிப்பின் அடியில் கறுப்பு, மேட்டில் வெளிச்சம் என்பதைக் கல்காரர் ஒரு நீலக்கல்லைத் திருப்பிக் காட்டிப் புரியவைத்தார். மார்பில் குறுக்காகப் போகும் வெள்ளைப் பட்டிதான் எனக்குக் கடைசிவரை வரவில்லை. நூல் அளவு அகலம். நேராக இழுக்க வேண்டும். கிளாக்கருக்கு அது மூச்சு விடுவது போல வரும். வாழ்நாள் முழுவதும் பேரேட்டில் கோடு போட்ட கை அது. அவருடைய பட்டிகளைப் பார்த்து நான் வாய் மூடிக் கடந்துபோன ஞாயிறுகள் ஏராளம். கடக்கும்போது வயிற்றில் ஏதோ எரியும். அதை அப்போதே ஒத்துக்கொண்டிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

பல வருடங்கள் இப்படியே போயின. வெளியே உண்மையான யுத்தம் நடந்துகொண்டிருந்தது. தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் இராணுவத் தேடுதல் நடக்கும் நாட்களில் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, அடையாள அட்டையோடு வாசலில் நிற்போம். அதைப் பற்றி மேசையில் பேசியதில்லை.

பிறகு கல்காரர் கல் வாங்க மடகஸ்காருக்குப் போனார். இரத்தினபுரிப் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் அப்படிப் போன காலம். மேசையில் நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சினோம். கொழும்பில் இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் ஒரு மண்டபத்தில் கூடுவதாகவும், ஒவ்வொரு ஊர்க் கூட்டமும் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு படையைக் கொண்டுவந்து வைக்கலாம் என்றும் அறிந்தோம். ஒரு படைதான். என்னுடையதா, அவருடையதா?

அந்த வருடம் என் பட்டிகள் முதல் தடவையாக நேராக வந்திருந்தன. ஸ்டோரிலிருந்த இரும்பு அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டேன். தீபாவளிக்கு முந்திய ஞாயிறு என் பன்னிரண்டு சிப்பாய்களையும் கிண்ணங்களின் மேல் நிறுத்தினேன், அவரும் தன்னுடையதை நிறுத்தினார். கிளாக்கர் குனிந்து, கண்ணைச் சுருக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"மத்ததெல்லாம் சரிங்க. பட்டிதான் இன்னும் வளையுது."

"வளையுதா? நல்லாப் பாருங்க."

"பாத்துத்தாங்க சொல்றேன். நடுவுல வயிறு தள்ளி நிக்குது."

இவர் கொழும்புக்குப் போவதற்காகப் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த ஆத்திரத்தோடு அவருடைய கிண்ணங்களுக்குப் போனேன். பன்னிரண்டு சிப்பாய்களுக்கும் பட்டி வளைந்திருந்தது. எல்லாம் ஒரே இடத்தில், ஒரே பக்கமாக நெளிந்திருந்தன. கை நடுங்கினால் கோடு இப்படி வராது. கை நடுங்குகிறவருக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி கோணும்.

நான் ஒன்றும் சொல்லாமல் அடுத்த கிண்ணத்துக்குப் போனேன். அதற்கடுத்ததற்கும். கடைசிவரை போய்த் திரும்பினேன்.

"ஒண்ணுமே இல்லீங்களா?" என்றார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன்.

"ஒண்ணுமில்லீங்க. ஒங்களோடதே போகட்டும்."

கொழும்புக்காரர்கள் முன்னால் அவர் வெட்கப்படட்டும் என்பதுதான் அப்போது என் நினைப்பு. அத்தோடு முடிந்திருந்தால் அதைப் பொறாமை என்று சொல்லி விட்டுவிடலாம். ஆனால் அன்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். நேரானது அவருக்கு வளைந்து தெரிகிறது. வளைந்தது நேராகத் தெரிகிறது. சில மாதங்களாகவே ஆபீஸில் டியூப் லைட் சரியில்லை என்று அவர் குறை சொல்லிக்கொண்டிருந்தார். சின்னக் கிளாக்கரை விட்டு எழுத்துகளை வாசிக்கச் சொல்வார். சீனி வியாதிக்கு மாத்திரை எடுப்பவர். இத்தனையும் எனக்குத் தெரியும். படித்தவன் நான். கூட்டிப் பார்க்கத் தெரியாதவன் அல்ல, கூட்டியும் பார்த்தேன். விடை கண் என்று வந்தது. காலையில் சொல்லிவிடலாம் என்று தூங்கினேன். காலையில், "சொன்னால் நேற்று ஏன் சொல்லவில்லை என்பாரே" என்று தோன்றியது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டேன். அப்படியே தைப்பொங்கல் போயிற்று. அவர் மனைவி ஈஸ்டருக்குப் பலகாரம் அனுப்பினார். அதையும் தின்றேன்.

மே மாதம் வெசாக் பண்டிகை கழிந்துதான் கொழும்புப் பயணம். சிப்பாய்களைப் பஞ்சில் சுற்றி பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். டின்னைத் திறந்த இராணுவக்காரர், "மே மொனவாத?" என்றார், இதெல்லாம் என்ன என்று. "செல்லம் படு, மாத்தயா" என்று கிளாக்கர் சொன்னார். விளையாட்டுச் சாமான்தான். இராணுவக்காரர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். பின்னால் நின்றவரிடம் காட்டினார். பிறகு எங்கள் அடையாள அட்டைகளை வாங்கித் தமிழ்ப் பெயர்களை வாசித்ததும் சிரிப்பு நின்றது. வெயிலில் வெகுநேரம் நிற்க வைத்துத்தான் விட்டார்கள். பஸ்ஸில் ஏறியதும் கிளாக்கர் முதலில் செய்தது, சிப்பாயின் வர்ணம் உரிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்ததுதான்.

மண்டபத்தில் மதிப்பிட்டவர் ஐரோப்பிய வம்சாவளியில் வந்த வயதான ஒரு பறங்கியர், மரியாதையான மனிதர். ஆங்கிலத்தில், "வேலை ரொம்பச் சுத்தம். ஆனால் எல்லாப் பட்டியும் ஒரே பக்கம் நெளிகிறதே, வேண்டுமென்று செய்தீர்களா?" என்று கேட்டார்.

கிளாக்கர் ஒரு சிப்பாயை எடுத்துக் கிட்டே பிடித்தார், எட்டப் பிடித்தார். என்னிடம் தமிழில் கேட்டார்: "நேராத்தானே இருக்கு? எங்க நெளியுது?"

"கொஞ்சம் நெளியுதுங்க."

"கொஞ்சமா?"

கட்டைவிரல் நகத்தைப் பட்டியின் ஓரமாக மெதுவாக ஓட்டினார். எனாமல் கொஞ்சம் தடித்திருக்கும். நகத்துக்கு வளைவு தெரியும். பாதியில் நகம் நின்றது. அவர் தலையை நிமிர்த்தி வாசல் பக்கம் பார்த்தார். ஒரு கண்ணைப் பொத்தினார். பிறகு மற்றதை.

"டீமேக்கர், அந்தக் கதவு நிலை நேராவா இருக்கு?"

"நேராத்தாங்க இருக்கு."

"எனக்கு இல்லீங்களே."

அடுத்த வாரமே கிளாக்கரும் மனைவியும் கண் டாக்டரிடம் போனார்கள். சீனியால் கண்ணுக்குள் இரத்தம் கசிந்து வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். கொஞ்ச மாதங்களுக்கு முன் வந்திருந்தால் லேசர் வைத்துக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம், இப்போது வலது கண்ணுக்கு ஒன்றும் செய்ய முடியாது, இடதில் மிச்சமிருப்பதைப் பிடித்து வைக்க முயல்வோம் என்று சொல்லியிருக்கிறார். இதை என்னிடம் சொன்னது கிளாக்கரின் மனைவி, குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றுகொண்டு.

"நீங்க பக்கத்துலயே இருந்தீங்களே, அண்ணே. ஒங்க கண்ணுல ஒண்ணும் படலீங்களா?"

"இல்லம்மா" என்றேன். அந்தப் பொய்யையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

கிளாக்கர் வேலையை விட்டார். இடது கண்ணும் மெல்ல மெல்ல மங்கியது. ஆளைக் காணலாம், முகத்தைக் காண முடியாது என்ற அளவில் வந்து நின்றது. மடகஸ்காரிலிருந்து திரும்பிய கல்காரர், கிளப்பில் அந்தப் பன்னிரண்டு சிப்பாய்களையும் லென்ஸில் பார்த்தார். இரண்டாவதோடு லென்ஸை இறக்கிவிட்டார்.

"மச்சான், இது கை இல்ல. இது கண்ணு. எப்ப பெயின்ட் பண்ணினது?"

"தீபாவளிக்கு முந்தி."

"கிண்ணத்தில வச்சதா?"

"வச்சாரு."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. லென்ஸை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "நீ பாத்திருக்கிற" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலையே கிளாக்கர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கிண்ணங்களைக் கடந்து போனதை, அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்ததை, தை மாதத்தை, ஈஸ்டரை. அவர் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு கேட்டார்.

"தெரியுங்க" என்றார்.

"எப்படிங்க?"

"கொழும்புல நான் கேட்டதும் 'கொஞ்சம் நெளியுது'ன்னீங்க. குனிஞ்சுகூடப் பாக்கல. அப்பவே தெரிஞ்சிருச்சு." முகத்தை என் பக்கம் திருப்பினார். "நான் ஒங்க பட்டி வளையுதுன்னு சொன்னதுக்குக் கோவமா?"

"ஆமாங்க."

"எனக்கு அப்படித்தாங்க தெரிஞ்சுது" என்றார், ஏதோ அவர்தான் தப்புச் செய்தவர் போல. உள்ளே திரும்பி, டீமேக்கருக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். குடிக்காமல் வர எனக்குத் தைரியம் இல்லை.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்புக்கு வருவதை நிறுத்தவுமில்லை. யுத்தம் முடிந்தது என்று பெல்மதுளைச் சந்தியில் பட்டாசு வெடித்த வாரம் மட்டும் மேசையை விரிக்காமல் மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அடுத்த வாரம் மறுபடி விளையாடினோம். சிப்பாய்களை அவர் விரலால் தடவி அடையாளம் கண்டு நகர்த்துவார். தாயக்கட்டையின் எண்ணைத்தான் அவரால் பார்க்க முடியாது. உருட்டிவிட்டுக் காத்திருப்பார். கட்டை பெரும்பாலும் என் பக்கம்தான் உருண்டு வரும்.

"அஞ்சுங்க" என்பேன். அஞ்சாகத்தான் இருக்கும். அவருக்குச் சாதகமானாலும் பாதகமானாலும் நான் பொய் சொன்னதில்லை.

அவர் தலையசைப்பார். பிறகு கல்காரர் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்புவார்.

"மச்சான், எத்தனை?"

"அஞ்சு" என்பார் கல்காரர்.

அதற்குப் பிறகுதான் சிப்பாயை நகர்த்துவார்.