உள்பக்கத் தாழ்ப்பாள்

பட்டறைக்காரர் வீடு எது என்று கேட்டால் அந்த வட்டாரத்தில் யாரும் கை காட்டுவார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். யாரிடமும் கைகட்டி நிற்காமல் வெல்டிங் பட்டறை வைத்து, மகளைக் கல்லூரி வரைக்கும் படிக்கவைத்து, மாடி வீடும் கட்டியவர். சுற்று வட்டாரத்தில் பாதி கேட்டும் கிரில்லும் அவர் கைபட்டவைதான். இத்தனைக்கும் மேலே அவருக்கு ஒரு பெருமை உண்டு.

"கல்யாணமான நாள்லேருந்து ஒரே வீடு, ஒரே கட்டில். ஒரு ராத்திரி பிரிஞ்சு படுத்ததில்ல" என்பார், யாரும் கேட்காமலேயே.

அப்பேர்ப்பட்டவருடைய மகள், கட்டின புருஷனோடு சண்டையும் இல்லாமல், ஒரே வீட்டிலும் இல்லாமல், ஒரு மாடியில் எதிரெதிர் வீடுகளில் குடியிருந்தாள். இவளுக்கு ஒரு பூட்டு, அவருக்கு ஒரு பூட்டு.

"அவருக்கு ரேடியோ ஓடினாத்தான் தூக்கம் வரும்ப்பா, எனக்குச் சத்தமே ஆகாது. சாப்பாடு ஒண்ணாத்தான். தோணினா அங்க, இல்லேன்னா இங்க. நல்லாத்தான் இருக்கோம்."

"இது குடித்தனமா, லாட்ஜா?"

"எல்லாருக்கும் ஒரே அளவுல சட்டை தைக்க முடியுமா மாமா?" என்று மாப்பிள்ளை சிரித்தார்.

பட்டறையிலும் சிரித்தார்கள். "அண்ணே, மாப்பிள்ளை பொண்டாட்டியப் பார்க்க வர்றப்ப பெல் அடிப்பாரா, இல்ல முன்னாடியே சொல்லிட்டு வரணுமா?" என்றான் பெயிண்டர். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இரும்பால் ஆகாதது எதுவும் இல்லை என்பது அவர் துணிபு. ஜன்னல் கிரில்லைச் சரிசெய்ய மகள் சாவி கொடுத்துவிட்டு வேலைக்குப் போன ஒரு பகலில் ஆளோடு போய் இறங்கினார். மாப்பிள்ளை வீட்டு மாற்றுச் சாவி மகள் வீட்டு ஆணியிலேயே தொங்கியது. இரண்டு வாசல்களிலும் பூட்டையும் தாழ்ப்பாளையும் கழற்றி எறிந்தார். இரண்டுக்கும் பொதுவான நடையின் முகப்பில் கனமான ஒரு கேட்டை நிறுத்தி, ஒரே பூட்டு போட்டார்.

சாயங்காலம் இருவரும் வந்தார்கள். "இப்பத்தான் இது வீடு" என்று சாவியை நீட்டினார்.

மகள் வாங்கவில்லை. பூட்டு இருந்த ஓட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"அவர் சாவி எங்க தொங்குச்சுன்னு பார்த்துத்தானே எடுத்தீங்க? அப்பவும் புரியலையா?"

"உங்கம்மாவும் நானும் வாழ்ந்ததைப் பார்த்து வளர்ந்தவ நீ."

"பார்த்ததாலதான்ப்பா." அவள் குரல் உயரவே இல்லை. "இதை அறுத்து எடுத்துட்டுப் போங்க. நான் கூப்பிடற வரைக்கும் வராதீங்க."

சிரிக்கிற மாப்பிள்ளையும் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

கேட் வண்டியில் வீடு திரும்பியது. மனைவி வாசலில் நின்று நடந்ததைக் கேட்டுக்கொண்டாள். மகளைத் திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார்.

"அதைப் பழைய இரும்புக்குப் போட்டுடாதீங்க" என்றாள். "தகடு வெச்சு அடைச்சு, சாமான் ரூமுக்குக் கதவாக்கிக் குடுங்க. இனிமே நான் அங்க படுத்துக்கறேன். தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கட்டும்."

"என்னடி பேசற? அது அகலம் ஜாஸ்தி, அந்த வாசலுக்குப் பொருந்தாது."

"அறுத்துச் சின்னதாக்குங்க. உங்க கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

இரும்பில் தன் கைக்கு ஆகாதது இல்லை என்று ஊரெல்லாம் தானே சொல்லிக்கொண்டு திரிந்த பேச்சு. மறுநாள் பட்டறையைத் திறக்காமல் வீட்டிலேயே உட்கார்ந்து அறுத்தார், தகடு வைத்துப் பற்றவைத்தார். நூல் பிசகாமல் பொருந்தியது. அவர் வேலை என்றைக்கும் அப்படித்தான்.

அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். சத்தமே வரவில்லை.