கண் மூடாத உறக்கம்

பிற்பகல் வெயில் சன்னல் வழியே நுழைந்து கண்ணாடிப் போத்தலில் விழுந்ததும், எதிரே வெள்ளையடித்த சுவரில் வெளிச்சம் அலையலையாக ஆடும். அதன் நடுவே ஒரு மீனின் நிழல் மெதுவாக வந்து போகும். கீரனூரில் நாங்கள் குடியிருந்த வீட்டில், டைபாய்டு காய்ச்சலில் கிடந்த என் தம்பி நாளெல்லாம் அந்தச் சுவரையே பார்த்திருப்பான். அவன் படுக்கையைவிட்டு எழுந்து ஓடாமல் இருக்கட்டும் என்று, அப்பா திருச்சியிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த "செவப்பு மீனு" அது. அதற்கு வீடாக வாய்த்தது ஒரு பழைய "மிட்டாய் போத்தல்".

பசித்தால் அது கண்ணாடியில் மூக்கை உரசும். தண்ணீர் மாற்றினால் கோபித்துக்கொண்டு கூழாங்கல்லுக்குப் பின்னால் போய்விடும்; மத்தியானத்துக்குள் சமாதானமாகிவிடும். சில வேளைகளில் மட்டும் துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு அடியில் அசையாமல் கிடக்கும். அப்போது வீடே பதறும். ஏனென்றால் தம்பி ஒருநாள் ஆத்தாவிடம், எங்களுக்கு அம்மாதான் ஆத்தா, "மீனு செத்தா நானும் செத்துருவேனா?" என்று கேட்டுவிட்டான். அன்று முதல் மீன் அசையாமல் நின்றால் போதும், வருகிறவர் போகிறவர் எல்லாம் போத்தலைத் தட்டினார்கள். "கண்ணையே மூடாததுக்கு ஏது தூக்கம்? இது மயக்கம்தான்" என்று அடுத்த வீட்டு அத்தை அடித்துச் சொன்னார். தட்டத் தட்ட மீன் திடுக்கிட்டு ஓடியது, நிறம் வெளுத்தது, இரையைத் தொடவில்லை. அதைப் பார்த்துத் தம்பியும் கஞ்சியைத் தள்ளிவைத்தான்.

ஒரு மத்தியானம், அவனுக்கு விசிறிக்கொண்டிருந்த ஆத்தாவின் கை நின்றுவிட்டது. சுவரில் சாய்ந்திருந்தாள், கண்கள் பாதி திறந்திருந்தன. கூப்பிட்டும் அசையவில்லை. பயந்துபோய்க் கிட்டே குனிந்தால், மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. எத்தனை நாள் விழித்திருந்தாளோ, கண்ணை மூடக்கூட நேரமில்லாமல் உறங்கிப்போயிருந்தாள். திரும்பிப் போத்தலைப் பார்த்தேன். கல்லோரம் மீனும் திறந்த கண்ணோடுதான் கிடந்தது. செவுள் மட்டும் நிதானமாக விரிந்து விரிந்து மூடியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. அப்பாவின் துண்டை எடுத்துப் போத்தலை மூடினேன். உள்ளே வந்த அப்பா ஆத்தாவை எழுப்பப் போனார்.

"எழுப்பாதீங்கப்பா. ஆத்தா தூங்குது. மீனுந்தான் தூங்குது."

தம்பி படுத்தபடியே உதட்டில் விரல் வைத்து அப்பாவை அதட்டினான். அதன்பிறகு யாரும் போத்தலைத் தட்டவில்லை. மீனுக்கு நிறம் திரும்பியது. தம்பியும் கஞ்சி குடித்தான்.

போத்தலும் இல்லை, அந்தச் சுவரும் இல்லை. இப்போது பேரன் வீட்டு மீன் தொட்டியில் விடிய விடிய விளக்கு எரிகிறது. நான் போனால் முதலில் அதைத்தான் அணைக்கிறேன். ஆத்தா போன அன்றும் அவள் கண்கள் பாதி திறந்திருந்தன. மூட வந்தவர்களைத் தடுத்துவிட்டு, மூச்சு வருகிறதா என்று வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தலைநரைத்த என் தம்பிதான் என்னை மெல்ல விலக்கி, அந்தக் கண்களை மூடினான்.