பேசாமல் நின்ற மச்சான்

வடக்கில் சண்டை முடிந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருக்கும். ஆடித் திருவிழாக்கள் தொடங்குவதற்குச் சற்று முன்னால், தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில், கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். பின்னால் சாமான் ஏற்றுகிற பழைய டீசல் கெப் வண்டி ஒன்றைப் பார்த்து வாங்குவதற்காக வந்திருந்தேன். விற்பவரின் வீடு நடக்கும் தூரம்தான். ஆனால் எழுந்து போகக் கால் வரவில்லை.

எனக்கு ஊர் புசல்லாவை. தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழா, கல்யாண வீடு, மரண வீடு என்று எங்கே கூப்பிட்டாலும் ஜெனரேட்டரும் லைட்டும் கொண்டுபோய்ப் போடுவது என் தொழில். கல்யாணம் அமையவில்லை. அம்மா போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். ஊரே கூடுகிற இடத்தில்தான் எனக்கு வேலை, ஆனாலும் எல்லோருக்கும் பின்னால், ஜெனரேட்டர் சத்தத்துக்குள்தான் என் இடம். அங்கே வந்து யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தாலும் கேட்காது. கூச்சமுள்ளவனுக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

ஜெனரேட்டரை ஒரு ட்ரெய்லரில் ஏற்றி வைத்திருக்கிறேன். அதை இழுக்க ஒவ்வொரு முறையும் வாடகை வண்டி பிடிக்க வேண்டும். அதற்கு முந்திய வருடம் ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தோட்டத்துத் திருவிழாவுக்குப் போகும்போது, ஏற்றத்தில் வாடகை வண்டியின் எஞ்சின் நின்றுவிட்டது. பின்னால் தொங்கிய பாரம் வண்டியைக் கீழே இழுக்கத் தொடங்கியது. நான் குதித்து இறங்கிக் கல் தேடுவதற்குள் ட்ரெய்லரின் ஒரு சக்கரம் பள்ளத்தின் விளிம்புக்கு வந்துவிட்டது. கல்லைப் போட்டு நிறுத்திவிட்டு, நானும் டிரைவரும் தேயிலைச் செடிகளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினோம். அன்றைக்குத்தான் சொந்தமாக ஒரு வண்டி வாங்குவது என்று முடிவு செய்தேன். அதற்காகச் சேர்த்ததெல்லாம் போனால் போனதுதான், இன்னொரு தடவை சேர்க்க எனக்கு வயதில்லை. தப்பான எஞ்சினை வாங்கிவிட்டால் காசோடு உயிரும் போகும்.

எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. ஜெனரேட்டருக்குள் இருப்பதும் டீசல் எஞ்சின்தானே. வண்டி ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்திருக்க வேண்டும், அப்படியே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். ஓடும்போது ஒயில் மூடியைக் கழற்றித் தலைகீழாக அதே வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். கொதிக்கிற பானை மூடி மாதிரி அது குதித்தால் எஞ்சின் உள்ளே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். புகையின் நிறம் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாரத்தை மாட்டி ஏற்றத்தில் இழுத்துப் பார்க்க வேண்டும். வெறும் வண்டி எந்த மேட்டிலும் ஏறிவிடும்.

இவ்வளவும் தெரிந்த எனக்கு, அதை வாய் திறந்து கேட்க மட்டும் வராது. முன்பே இரண்டொரு வண்டி பார்க்கப் போய், பொனட்டைக்கூடத் திறக்கச் சொல்லாமல், "நல்லாத்தான் இருக்கு, சொல்றேங்க" என்று திரும்பி வந்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் வண்டி பார்க்க யாரும் தனியாகப் போவதில்லை. பெண் பார்க்கப் போவதுபோல் மாமன், மச்சான், ஒரு மெக்கானிக் பாஸ் என்று கூட்டமாகப் போய் இறங்குவார்கள். தனியாக வருகிறவனை விற்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அன்று பெரியப்பா மகன் வருவதாகச் சொல்லியிருந்தார். கடையில் காத்திருந்தபோது, வர முடியாது என்று போன் வந்தது.

என் மேசைக்கு எதிரே மெலிந்த ஒருவர் வந்து உட்கார்ந்தார். என் வயதுதான் இருக்கும். கையில் சுடுதண்ணீர்ப் போத்தலும் ஒரு சாப்பாட்டுப் பையும். கடைப் பையன் சிங்களத்தில் கேட்டது விளங்காமல் அவர் விழிக்க, தேநீரா, பால் தேநீரா என்று கேட்கிறான் என்று சொன்னேன்.

"அப்பாடா, தமிழ்" என்றார் அவர். பேச்சிலேயே வடக்குப் பக்கம் என்று தெரிந்தது. மனைவிக்கு ஒப்பரேசன் செய்ய வேண்டும் என்று அங்கிருந்து கண்டி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். "பன்னிரண்டு மணிவரைக்கும் உள்ளுக்க விடாயினம். அதுவரைக்கும் எங்க இருக்கிறது? வாற பஸ்ஸில ஏறி, அது நிக்கிற இடத்தில இறங்கித் திரும்பி வருவன்" என்றார்.

நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். என்னவோ, அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதன் பிறகு என் வாயில் வந்ததை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை.

"கொஞ்ச நேரம் என் மச்சான் மாதிரி வந்து நிக்க முடியுங்களா?"

அவர் தேநீரைக் கீழே வைத்தார். "எனக்குச் சைக்கிளைத் தவிர ஒண்டும் தெரியாதே."

"தெரிய வேணாங்க. நின்னா போதும். ஆனா பேசிறாதீங்க. பேசினா நம்ம ஊர் இல்லன்னு தெரிஞ்சிரும்."

"நல்ல மச்சான் வேலைதான். என்ர சொந்த மச்சான்மாருக்கும் என்னட்ட இதைத்தான் சொல்ல விருப்பம்" என்று சிரித்துக்கொண்டே எழுந்தார்.

விற்பவர் டவுனில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த ஒரு தமிழர். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். கூட வந்தவரை மச்சான் என்று அறிமுகம் செய்தேன். மச்சான் தலையை மட்டும் ஆட்டினார். வண்டி கழுவித் துடைத்து அழகாக நின்றது. பொனட்டில் கை வைத்தேன். சூடாக இருந்தது. நான் வருவதற்கு முன்பே ஓடவிட்டிருக்கிறார்கள். இனி ஆறிய எஞ்சின் எப்படி எடுக்கும் என்று பார்க்க முடியாது. கேட்க வேண்டும், கேட்க வரவில்லை. கையை எடுத்துவிட்டேன்.

நான் செய்ததைப் பார்த்து மச்சானும் கை வைத்தார். ஒரு கை இல்லை, இரண்டு உள்ளங்கையையும் பரப்பி வைத்தார். வைத்தவர் எடுக்கவே இல்லை. அப்படியே நின்றுகொண்டு விற்பவரின் முகத்தைப் பார்த்தார்.

"காலையில கடைப் பக்கம் ஒரு ஓட்டம் போயிட்டு வந்தேன்" என்றார் விற்பவர். மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. "அதான் சூடு." மச்சான் பார்வையை எடுக்கவில்லை. விற்பவர் என் பக்கம் திரும்பி, "மச்சான் மெக்கானிக் பாஸா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆம் என்றும் சொல்லவில்லை.

"சரி, சொல்லிர்றேன். காலைக் குளிர்ல ஸ்டார்ட் எடுக்கக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பழைய வண்டின்னா அப்பிடித்தான."

அப்போது மச்சான் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார். நெடுநேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

விற்பவர் பெருமூச்சு விட்டார். "ஒங்க மச்சான்கிட்ட எதயும் மறைக்க முடியாது போலருக்கே. கடுகண்ணாவ ஏத்தத்துல சீமெந்து ஏத்திட்டு வரும்போது ஹீட்டாகி நின்னுருச்சுங்க. எஞ்சின் ஹெட்டக் கழட்டிச் செஞ்சுதான் ஓடுது. ஒயிலும் கொஞ்சம் ஒழுகும். இங்கன டவுனுக்குள்ள ஓட ஒரு கொறையும் இல்ல. நீங்க எதுக்குக் கேக்குறீங்க?"

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. ஜெனரேட்டர் ட்ரெய்லரைப் பற்றியும் ஹுன்னஸ்கிரிய ஏற்றத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் முகம் மாறியது. "அப்பிடின்னா வேணாந் தம்பி. இழுவைக்கு இது ஆகாது. அந்தப் பாவம் எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு, உள்ளே திரும்பித் தேநீர் கொண்டுவரச் சொன்னார். குடித்துவிட்டுத்தான் வந்தோம். போகும்போது அவர் மச்சானின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பாலத்துக்கு வந்ததும், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"என்னத்தைக் கண்டன்? குளிருக்குக் கை விறைச்சுப் போச்சு, அது இதமா இருந்தது. கீழ ஒரு பூனைக்குட்டி. அது டயருக்குள்ள நசிஞ்சு போயிடுமோ எண்டு பாத்தன்" என்றார். நடுப்பாலத்தில் நின்று இருவரும் சிரித்தோம். அப்படிச் சிரித்து எனக்கு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

பிறகு அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு, "நீங்களும் எனக்கு ஒரு உதவி செய்யிறீங்களே?" என்று கேட்டார். வார்டில் மற்றக் கட்டில்களைச் சுற்றி ஆட்கள் நிறைந்து நிற்பார்களாம். தன் மனைவி அவர்களையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாளாம். "நீங்களும் ஒருக்கா வந்து நிண்டா, அவளுக்கும் ரெண்டு பேர் வந்த மாதிரி இருக்கும்."

போனேன். அவருடைய மனைவி சுவர் ஓரத்துக் கட்டிலில் இருந்தார். "ஆர் இவர்?" என்று கேட்க, "மச்சான்" என்றார் இவர். பிறகு பூனைக்குட்டிக் கதையைச் சொன்னார். அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் இப்போது எங்களைப் பார்த்தார்கள்.

சிரித்து முடித்துவிட்டு அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். ஒப்பரேசன் என்று சொன்ன நாள் போய்விட்டது, ஒருவரும் வந்து கூட்டிப் போகவில்லை, நோய் கைமீறிவிட்டது என்றுதான் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்றார். தாதி வந்து ஏதோ சொன்னாராம். சிங்களம், விளங்கவில்லை. கணவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் இருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்க முடியாமல்தான் அவர் பஸ்ஸில் ஏறி ஏறி இறங்கினார் என்று எனக்கு அப்போது புரிந்தது.

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனால் அத்தனை பேர் பார்க்க, வெள்ளை உடுப்போடு இருக்கும் தாதியிடம் போய்க் கேட்பது எனக்கு ஆகாத காரியம். போனேன். கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. இரத்தத்தில் சீனி கூடியிருந்ததால்தான் தள்ளி வைத்தோம், இப்போது குறைந்துவிட்டது, வரும் திங்கட்கிழமை செய்வோம், இதை அன்றைக்கே சொன்னோமே என்றார். நான் விடாமல், பயப்பட ஏதும் இருக்கிறதா என்றும் கேட்டேன். இல்லை என்று சொல்லிச் சிரித்தார்.

திரும்பி வந்து சொன்னபோது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். இவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். மணி அடித்ததும் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்கள். வாசலில் அவர் "போயிட்டு வாங்கோ மச்சான்" என்றார். அவ்வளவுதான். பெயர், ஊர், போன் நம்பர் எதையும் நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். பழைய கூச்சம் வந்துவிட்டது.

அடுத்த திருவிழா வேலை முடிந்து, தோடம்பழம் வாங்கிக்கொண்டு வார்டுக்குப் போனேன். சுவர் ஓரத்துக் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். அதே தாதி என்னை அடையாளம் கண்டு, ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது, டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்றார். சொந்தக்காரரான உங்களுக்குத் தெரியாதா என்றும் கேட்டார். தோடம்பழங்களை அந்தக் கட்டிலில் இருந்தவருக்கே கொடுத்துவிட்டு வந்தேன்.

கெப் ஒன்றைப் பிறகு கம்பளைப் பக்கம் வாங்கினேன். விற்றவர், "தனியாவா வந்தீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நாளைக் காலையில் வருகிறேன், அதுவரை எஞ்சினைத் தொடாதீர்கள், ட்ரெய்லரையும் கொண்டுவருகிறேன், மாட்டி மேட்டில் இழுத்துப் பார்த்த பிறகுதான் பேச்சு என்றேன். அவர் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன். ஆனாலும் சொல்லிவிட்டேன். அந்த வண்டி இன்றும் என்னிடம்தான் இருக்கிறது, ஹுன்னஸ்கிரிய ஏற்றத்தில் ஒருமுறையும் நின்றதில்லை.

இப்போதும் தனியாகத்தான் போய்த் தனியாகத்தான் வருகிறேன். விடியற்காலையில் மலை வழியாகப் புறப்படும் முன் எஞ்சினை ஓடவிட்டு, பொனட்டில் இரண்டு உள்ளங்கையையும் சற்று நேரம் வைத்திருப்பேன். யாராவது பார்த்தால் எஞ்சினைச் சோதிக்கிறேன் என்று நினைப்பார்கள். நானோ, எங்கோ வடக்கில் ஒரு வீட்டில், பேசத் தெரியாத இந்த மச்சானை நினைத்து இரண்டு பேர் எப்போதாவது சிரிப்பார்களா என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.