சலூன் ஸ்ரீரங்கனின் கழுத்து

“எச்சில முழுங்கு தம்பி” என்கிறார் ஸ்ரீரங்கன். முழுங்குகிறேன். கண்ணாடியில் என் தொண்டையையே உற்றுப் பார்க்கிறார். பிறகு தன் தொண்டையைப் பார்த்துக்கொண்டு அவரும் முழுங்குகிறார். வலியில் முகம் கோணிக்கொள்கிறது. “உனக்கு வழவழன்னு கீது. எனக்குப் பாரு, எலுமிச்சங்காய ஒளிச்சு வெச்சாப்ல கீது.”

திருநீர்மலை ரோட்டில் இருக்கும் அவர் சலூனுக்கு இப்போது யார் வந்தாலும் முதலில் இந்தப் பரிசோதனைதான். பேங்க் சார் ஒருவர், “நான் கட்டிங்குக்குத்தானே வந்தேன்?” என்று கேட்டே விட்டார்.

கத்தரியை வெறுங்காற்றில் நாலு வெட்டு வெட்டிய பிறகுதான் முடியைத் தொடுவார் ஸ்ரீரங்கன். கேட்டால், “அதுவும் தொண்டைய சரி பண்ணிக்க வேணாமா?” என்பார். இப்போது அந்த ஜோக் இல்லை.

மழையில் தாம்பரமே இருமியபோது அவரும் ஒரு வாரம் இருமினார். காய்ச்சல் விட்டது. கொஞ்ச நாளில் கழுத்தின் இடது பக்கம் ஒரு வலி வந்து, தாடை வழியாகக் காதுவரை ஏறியது. கடைவாய்ப் பல்தான் என்று அவரே முடிவு கட்டினார். எடுக்க வேண்டாம் என்ற பல் டாக்டரிடம் சண்டை போட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்தார். பல் போனது. வலி போகவில்லை.

அப்புறம் கை நடுங்க ஆரம்பித்தது. நெஞ்சு படபடக்கிறது. ஃபேனுக்கு நேர் கீழே நின்றும் சட்டை நனைகிறது. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டிருக்கிறார். ஷேவிங் கேட்டு வருகிறவர்களிடம், “சார் மூஞ்சிக்கு ட்ரிம்மர்தான் எடுப்பு, இப்ப அதான் ஃபேஷன்” என்கிறார். ரிட்டயர்டு வாத்தியார்கூட ஃபேஷன் தாடியோடு வீட்டுக்குப் போகிறார். நாங்கள் பசங்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஒருநாள் அவர் ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துப் பாக்கெட்டுக்குள் திணித்ததைப் பார்த்தேன். அதோடு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் பயத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்ல மாட்டார். “பெரிய வியாதி” என்பார், அதையும் குரலைத் தணித்துக்கொண்டு. பக்கத்துக் கடை டெய்லர் துரைக்கு அது தொண்டையில்தான் வந்தது. கடைசி நாட்களில் வீட்டுக்கே போய் அவருக்குச் சவரம் பண்ணிவிட்டவர் இவர். “என் கையாலயே தொட்டேன் தம்பி. இதே எடந்தான்.”

அவர் சம்சாரம் லோகநாயகி அக்காதான் டாக்டரிடம் இழுத்துப் போனார். “ஊர்ல கீறவன் கழுத்தெல்லாம் தொடுவ. உன் கழுத்த ஒருத்தர் தொட்டா கொறஞ்சா பூடுவ?”

ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேனும் பார்த்தார்கள். சளிக் காய்ச்சல் விட்ட பிறகு சிலருக்குத் தைராய்டு வீங்குவது உண்டு, மெதுவாக வற்றிவிடும் என்றார் டாக்டர். பெரிய வியாதியா என்று ஸ்ரீரங்கன் கேட்கவில்லை. கேட்காததால், அது இல்லை என்று டாக்டரும் சொல்லவில்லை. “மறைக்கிறாரு தம்பி. லோகுகிட்ட கண்ணக் காட்டிட்டாரு” என்றார் என்னிடம்.

போன வாரம் வலி இடது பக்கத்தை விட்டு வலது பக்கம் வந்துவிட்டது. “பரவிடுச்சி” என்று கடையை ஒருக்களித்துச் சாத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார். லைசென்ஸ் இல்லாமலே என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். வழக்கமாக நான் ஓட்டுகிற வேகத்துக்குப் பின்னால் உட்காருகிறவர்கள் கத்துவார்கள். அவர் மூச்சுகூட விடவில்லை.

டாக்டர் கழுத்தை அமுக்கிப் பார்த்தார். “சைடு மாறுறது இதுல சகஜம்தான். மாத்திரைய விடாம போடுங்க, நடுக்கமும் நின்னுடும். வேற எதாவது கேக்கணுமா?”

ஸ்ரீரங்கன் வாயைத் திறந்தார். மூடினார்.

“கேளுண்ணா” என்று இடித்தேன்.

டாக்டர் கொஞ்சம் பார்த்துவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட மணிப்பக்கம் கையை நீட்டினார். பாதி வழியில் அந்தக் கையை ஸ்ரீரங்கன் பிடித்தார். இழுத்து, மறுபடி தன் கழுத்தின் மேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.