கழிப்பறைக் கதவும் தலைவியின் கையெழுத்தும்

"பள்ளி நிதியைத் திட்டமிட்டு, செலவைத் தீர்மானித்து, கண்காணிக்கும் முழு அதிகாரம் பெற்றவர்" என்று பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியைப் பற்றிச் சுவரில் எழுதியிருக்கிறது. அந்த மகாசக்தியின் பெயர் மாதேஸ்வரி. தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம்; ஓசூர் கம்பெனி ஒன்றில் உதிரிபாகங்களைப் பார்த்து ஓகே போடும் வேலை. அவளுக்குச் சிரமம் வைக்கக்கூடாதென்று தலைமை ஆசிரியர் தீர்மானங்களைக் கூட்டத்துக்கு முன்பே எழுதி வைத்துவிடுவார். கையெழுத்துப் போடும் அதிகாரம் மட்டும் அவளுடையது.

இந்தமுறை தீர்மானம், பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவு மாட்டியாகிவிட்டது என்றது. கதவில்லாத கழிப்பறைக்குப் பயந்து அவள் மகள் ரேவதி பள்ளிக்கூடத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. மாதேஸ்வரி எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"கதவக் காணோமே சார்."

"வந்துரும்மா. மார்ச்சு முடிஞ்சா பணம் திரும்பிப் போயிரும். மத்தவங்கல்லாம் போட்டுட்டாங்க பாருங்க."

"பாக்காம ஓகே போட்டா கம்பெனியில என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாங்க சார். இங்க தலைவின்னு வேற சொல்றீங்க."

அவள் கையெழுத்து இல்லாமல் பத்து நாள் மக்கள் அதிகாரம் அப்படியே முடங்கிக் கிடந்தது. பதினோராம் நாள் கதவு வந்தது. மாதேஸ்வரி உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.