ஜோலார்பேட்டை வரை ஒற்றைக் காலில்

1. முதல் நாள்

"சார், இப்படின்னா எப்படி சார்?"

பார்வையற்ற குழந்தைகளுக்கு ஆசனம் சொல்லிக்கொடுக்கப் போன முதல் நாள், முதல் நிமிடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கைகளைத் தலைக்கு மேல் உயர்த்திக்கொண்டு, "எல்லோரும் இப்படிச் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு நின்றிருந்தேன். எதிரே ஒன்பது குழந்தைகள் அசையாமல் இருந்தார்கள். கேட்டவள் ரோசலின், பதினொரு வயதுப் பெண். அவள் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கைகளைக் கீழே இறக்கினேன்.

அது இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்தைய காலம். நான் பெங்களூர் கன்டோன்மென்டில் ஒரு பள்ளியில் டிரில் மாஸ்டர். முதுகுவலிக்காக ஆசனம் பழகி, அதில் ஓரளவு தேறியிருந்தேன். ஆஸ்டின் டவுனில் என் வீட்டுக்குப் பக்கத்தில்தான் அந்தச் சிறிய விடுதிப் பள்ளி இருந்தது. பிள்ளைகள் கூனி நடக்கிறார்கள், எதிலாவது இடித்துக்கொள்வோமோ என்று பயந்து உடம்பை இறுக்கிக்கொள்கிறார்கள், ஏதாவது தேகப்பயிற்சி கொடுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். வாரத்தில் இரண்டு மாலை வர ஒப்புக்கொண்டேன்.

2. பாம்பு எப்படி இருக்கும்

செய்துகாட்ட முடியாது என்று தெரிந்ததும், கையைப் பிடித்து வளைக்கத் தொடங்கினேன். அது அதைவிடப் பெரிய தப்பு. எந்தப் பக்கமிருந்து யார் தொடுகிறார்கள் என்று தெரியாமல் பிள்ளைகள் திடுக்கிட்டார்கள். அதன்பிறகு, "ரோசலின், நான்தான், உன் இடது தோளைத் தொடப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவது என்று வைத்துக்கொண்டேன். நான் ஆசனத்தில் இருக்கும்போது அவர்களும் என் முதுகையும் முழங்காலையும் தடவிப் பார்க்கலாம் என்றேன். நஞ்சுண்டன் என்ற பையன் என் முதுகைத் தடவிவிட்டு, வலது தோள் இறங்கியிருக்கிறது என்று கன்னடத்தில் சொன்னான். கண்ணாடி முன் நின்று பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது. இத்தனை வருஷம் எனக்குத் தெரியவில்லை.

பெயர்களிலும் சிக்கல் இருந்தது. புஜங்காசனம் பாம்பு படமெடுப்பது போல என்று சொன்னால், படம் என்பது என்ன என்றார்கள். தோசைக்கரண்டியை நிமிர்த்திக் கையில் கொடுத்தேன். அடுத்த நிமிடம் ஒன்பது பேரும் குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கினார்கள். எந்த வார்த்தை அவர்களிடம் போய்ச் சேர்கிறது, எது வழியிலேயே நின்றுவிடுகிறது என்று பார்ப்பதே எனக்குப் பெரிய ஆவலாகிவிட்டது. ஒவ்வொரு மாலையும் வீடு திரும்பியதும் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன்.

3. ரோசலின் விழுந்தது

மூன்றாம் மாதம் விருட்சாசனம் ஆரம்பித்தேன். ஒரு காலில் நின்று, மறு பாதத்தைத் தொடையில் ஊன்றி, கைகளைக் கூப்புவது. ஹாலின் நடுவில் நின்ற ரோசலின் முகம் தரையில் பட விழுந்தாள். உதடு கிழிந்தது. அவள் அம்மா ஒரு பங்களாவில் ஆயாவாக வேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமை வந்து வீங்கிய உதட்டைப் பார்த்துவிட்டு, இது தொடர்ந்தால் பெண்ணைப் பள்ளியிலிருந்தே கூட்டிப்போய்விடுவேன் என்று சொல்லிவிட்டார்.

பள்ளி சூப்பரின்டென்டென்ட் என்னைக் கூப்பிட்டார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்று ஒக்கலிபுரத்தில் குடியிருந்தவர். அதிகம் பேசமாட்டார்.

"மாஸ்டர், அந்தம்மா சொல்றதுல தப்பில்லை. ரெண்டு வாரம் கழிச்சு அவங்களையும் கூட்டிட்டு நானே வந்து பாக்கறேன். எனக்குத் திருப்தி இல்லேன்னா நிறுத்திடலாம்."

வீட்டுக்கு வந்து கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றேன். மூன்று மூச்சுகூட நிற்க முடியவில்லை, அலமாரியில் போய் விழுந்தேன். கண் திறந்திருக்கும்போது எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு நிற்பது என் வழக்கம். அந்தப் புள்ளிதான் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. அப்படியானால் ரோசலினை எது பிடிக்கும்? யோசித்துப் பயனில்லை, அவளையே கேட்டேன்.

"செவுத்துக்கிட்ட நின்னா செவுரு இருக்குதுன்னு தெரியும் சார். காதுல தெரியும். நடு ஹால்ல எந்தப் பக்கமும் ஒண்ணுமே இல்லை. எங்கே நிக்கறேன்னே தெரியலை."

மறுநாள் வீட்டு டைம்பீஸை எடுத்துப்போய் அவளுக்கு நேரெதிரே ஒரு முக்காலியில் வைத்தேன். டிக் டிக் சத்தத்தை மூக்குக்கு நேரே வைத்துக்கொள், அது நகராமல் பார்த்துக்கொள் என்றேன். இரண்டு தடவை தூக்கிய காலைத் தரையில் ஊன்றிவிட்டாள். மூன்றாவது தடவை நின்றாள். நான் என் நாடியைப் பிடித்து எண்ணினேன், இருபது வரை நின்றாள். மற்றவர்களும் ஒருவர்பின் ஒருவராக நின்றார்கள். நஞ்சுண்டனுக்கு மட்டும் கடைசிவரை வரவில்லை. படுத்துச் செய்வதே போதும் என்றான். அவன் சவாசனத்தில் கிடந்தால் மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்க்கவேண்டியிருக்கும்.

4. சோதனை

சூப்பரின்டென்டென்ட் ரோசலினின் அம்மாவோடு வந்த அன்று மாலை நல்ல மழை. ஹாலுக்குத் தகரக் கூரை. ரோசலின் காலைத் தூக்கினாள், உடனே தரையில் ஊன்றினாள். மறுபடி தூக்கினாள், சாய்ந்தாள், நான் பிடித்துக்கொண்டேன். அவள் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மழைச் சத்தத்தில் டைம்பீஸ் காதில் விழாது என்பது எனக்கு உறைக்கவேயில்லை.

ரோசலின்தான் சொன்னாள்: "சார், கடியாரம் கேக்கலை. பெரிய சார் முன்னாடி நின்னு சத்தமா ஏதாச்சும் பேசட்டும்."

சூப்பரின்டென்டென்டுக்குக் கூச்சம். என்ன பேசுவது என்று என்னைக் கேட்டார். எதுவானாலும் சரி, நிறுத்தாமல் பேசுங்கள் என்றேன். அவர் முக்காலிப் பக்கம் போய் நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தமக்கு மனப்பாடமாக இருந்த ஒன்றை ஆரம்பித்தார்.

"கன்டோன்மென்ட். கிருஷ்ணராஜபுரம். வைட்ஃபீல்ட்..."

ரோசலின் காலைத் தூக்கித் தொடையில் ஊன்றினாள். கைகளைக் கூப்பினாள். முகம் அந்தக் குரலுக்கு நேரே திரும்பியது.

"மாலூர். டேகல். பௌரிங்பேட்டை..."

அவர் வேண்டுமென்றே மெதுவாகச் சொன்னார். அவள் பாதம் லேசாக நடுங்கியது, பிறகு அடங்கியது. அம்மா என் பக்கம் வந்து தணிந்த குரலில், "இன்னும் எத்தினி ஸ்டேஷன் இருக்குதுங்க?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன்.

"குப்பம்" வந்தது. அதற்கு மேலும் சில பெயர்கள் வந்தன. கடைசியில் அவர் "ஜோலார்பேட்டை ஜங்ஷன்" என்றதும் ரோசலின் தானாகவே காலை இறக்கி நேராக நின்றாள். ஏன் இறக்கினாய், விழப்போனாயா என்று கேட்டேன். "இல்ல சார். ஜங்ஷன்லே வண்டி ரொம்ப நேரம் நிக்கும்ல" என்றாள்.

சூப்பரின்டென்டென்ட் மற்ற பிள்ளைகளையும் நிற்கச்சொல்லி மறுபடி கன்டோன்மென்டிலிருந்து ஆரம்பித்தார். வகுப்பை நிறுத்தும் பேச்சு அதன்பின் எழவில்லை. ரோசலினின் அம்மா அவள் உதட்டுத் தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று மழையோடே கிளம்பினார்.

அதன்பிறகு ஏழு ஆண்டுகள் அந்தப் பள்ளிக்குப் போனேன். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வரும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். புதுக் குழந்தை வந்தால் எதையும் சொல்லிக்கொடுக்குமுன், நிற்கும்போது உனக்கு முதலில் எது தெரிகிறது என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். வாசல் காற்று என்றாள் ஒருத்தி. சமையலறை வாசனை என்றான் ஒரு பையன். அவன் பாயை மட்டும் சமையலறைப் பக்கம் திருப்பிப் போட்டேன்.