பிழை வந்தால் இரவு

எக்செல் கோப்பைத் திறக்கும் முன் மேக்ரோ அண்ணன் இரண்டு கைகளையும் கால்சட்டையில் துடைத்துக்கொள்வார். திரையில் மஞ்சள் பட்டையோடு வரும் எச்சரிக்கையை, மாமியாரின் அறிவுரையைப் போல, படிக்காமலே தள்ளிவிடுவார்.

ஆம்புலன்சுக்கு வரும் அழைப்புகளை எடுப்பதுதான் எங்கள் எல்லோருக்கும் வேலை. யாருக்குப் பகல், யாருக்கு இரவு என்று எக்செல் தானே முடிவு செய்யும்படி அண்ணன் மேக்ரோ என்ற குட்டி நிரலில் ஒரு ஃபங்ஷன் எழுதி வைத்திருக்கிறார். அதைக் குறை சொன்னால், பெற்ற பிள்ளையைத் திட்டியது மாதிரி முகம் சுண்டிப்போகும். "அது நல்லாத்தான் ஓடுது. நீங்க ஒருதடவை மூடித் திறங்க" என்பார்.

ஆரம்பத்தில் சில கட்டங்களில் பிழைக்குறி வந்தது. மேலாளர் எரிந்து விழுந்தார். அண்ணன் பிழையைத் தேடவில்லை. பிழை வந்தால் அங்கே 'இரவு' என்று போடும்படி ஒரு வரி சேர்த்துவிட்டார். மேலாளருக்கு ஏகத் திருப்தி.

எங்களில் பிரசவ விடுப்பு முடிந்து வந்த ஒரு பெண்ணுக்கு வாராவாரம் இரவுதான் விழுந்தது. குழந்தை புட்டிப்பாலைத் தொடவே தொடாது.

"அண்ணே, இந்த வாரமும் நைட்டுன்னா வேலைய விட்டுடறேன்னு வீட்ல சொல்லிட்டேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு அண்ணன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அண்ணன் வைத்தியத்தைத் தொடங்கினார். மூடித் திறந்தார். கட்டத்துக்குப் பச்சை அடித்தார். எழுத்தைப் பெரிதாக்கினார், இரவு இன்னும் பெரிதாகத் தெரிந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் தான் எழுதியதைத் தானே படித்துப் பார்த்தார். ஃபங்ஷன் நாற்பதாவது பெயரோடு நின்றுவிடுகிறது. விடுப்பிலிருந்து வந்தவளைப் பட்டியலின் அடியில், நாற்பத்தொன்றாவதாகச் சேர்த்திருந்தார்கள்.

அவருக்குக் காது மடல் சிவந்தது. சத்தமில்லாமல் நாற்பதை நானூறாக்கினார். ஆனால் இந்த வாரப் பட்டியல் ஏற்கெனவே அச்சாகி, மேலாளரின் கையெழுத்தோடு பலகையில் தொங்கியது.

"என்னய்யா, மேக்ரோவுல கோளாறா?" என்று கேட்டுக்கொண்டே மேலாளர் வந்தார்.

"கோளாறா? அதெல்லாம் இல்ல சார். இந்த வாரம் நைட்டு எனக்கு வேணும்னு நான்தான் கேட்டிருந்தேன். பட்டியல்ல மாத்த மறந்துட்டேன்."

சொல்லிவிட்டு எழுந்து போனார். பலகையில் அவள் பெயரை அடித்து, பக்கத்தில் தன் பெயரை அழுத்தி எழுதினார்.